"இன்சூரன்ஸ் சரியில்லை" என்று ஃபைலைத் திருப்பிவிட்டார்கள். எது சரியில்லை? - ஷெங்கன் விசா

செம்பருத்தி:
எல்லாருக்கும் வணக்கம். நானும் அம்மாவும் செப்டம்பரில் ஐரோப்பா போவதாக இருக்கிறோம், ஷெங்கன் விசாவில் (ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகலாம்). சனிக்கிழமை விசா மையத்தில் அப்பாயின்ட்மென்ட். படிவம், போட்டோ, வங்கிக் கணக்கு, ஓட்டல் பதிவு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் போட்டுக்கொண்டே வந்த பெண், இன்சூரன்ஸ் தாளுக்கு வந்ததும் நின்றுவிட்டார். அரை நிமிடம் பார்த்தார். "இன்சூரன்ஸ் சரியில்லை மேடம், மாற்றி எடுத்துக்கொண்டு வாங்க" என்று மொத்தக் கட்டையும் என் பக்கம் தள்ளினார். எது சரியில்லை என்று கேட்டதற்கு, "செக்லிஸ்ட்டைப் பாருங்கள்" என்றார். பின்னால் நீள வரிசை. எழுந்து வந்துவிட்டேன்.

தாளில் இருப்பதை அப்படியே தருகிறேன்:

பெயர், பாஸ்போர்ட் எண்: சரியாக இருக்கிறது
காலம்: செப்டம்பர் 9 முதல் 19 வரை, 11 நாள்
எல்லை: ஐரோப்பிய யூனியன் நாடுகள்
மருத்துவச் செலவு: 30,000 அமெரிக்க டாலர்
கழிவு (நாங்களே ஏற்க வேண்டிய பங்கு): ஒவ்வொரு கிளெய்முக்கும் 100 டாலர்

நாங்கள் 9ஆம் தேதி காலை அங்கே இறங்குகிறோம். 20ஆம் தேதி இரவு 10.15க்குத் திரும்பும் விமானம். நடுவில் 2 நாள் சுவிட்சர்லாந்து. அம்மாவுக்கு 71 வயது. அவருடைய தாளும் இதே மாதிரிதான், பிரீமியம் மட்டும் கூடுதல்.

அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரும் வெள்ளிக்கிழமை. இன்று திங்கள். ஏஜென்ட்டைக் கேட்டால் "எல்லாரும் இதைத்தான் கொடுக்கிறார்கள், கவுண்டரில் இருந்தவருக்குத் தெரியவில்லை" என்கிறார். உண்மையா?

வழிப்போக்கன்:
உங்கள் ஏஜென்ட் சொல்வதை நம்பாதீர்கள். படித்த உடனே எனக்குக் கண்ணில் பட்டது தேதி. 20ஆம் தேதி இரவு வரை அங்கே இருக்கிறீர்கள், பாலிசி 19ஆம் தேதியோடு முடிகிறது. கடைசி நாள் அம்போ.

செம்பருத்தி:
அட! 20இல் 9 போனால் 11 என்று கணக்குப் போட்டு 11 நாள் என்று நான்தான் சொன்னேன். ஏஜென்ட்டும் அப்படியே போட்டுவிட்டார். பள்ளிக்கூடக் கணக்கு காலை வாரிவிட்டது.

காகிதப்புலி:
அது ஒன்று. இன்னும் இரண்டு இருக்கிறது, இரண்டுமே தேதியைவிடப் பெரிய தவறு.

முதலில் விதி என்ன கேட்கிறது என்று பார்த்துவிடுவோம். ஷெங்கன் விசாவுக்கு எல்லா நாடுகளுக்கும் பொதுவான ஒரு விதித்தொகுப்பு உண்டு. 2009இல் வந்தது, எண் 810/2009. அதில் 15ஆம் பிரிவு முழுக்க முழுக்க இந்த இன்சூரன்ஸைப் பற்றித்தான். ஒரு பக்கம்கூட வராது. அது கேட்பது: குறைந்தது 30,000 யூரோ. அவசர சிகிச்சை, மருத்துவமனைச் செலவு, மருத்துவக் காரணத்துக்காக ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவு, இறந்துபோனால் ஆகும் செலவு எல்லாம் அதில் வர வேண்டும். ஷெங்கன் நாடுகள் அனைத்திலும் செல்ல வேண்டும். தங்கும் காலம் முழுவதற்கும் இருக்க வேண்டும்.

இப்போது உங்கள் தாளுக்கு வருவோம். 30,000 என்று எண் சரியாக இருக்கிறது, ஆனால் டாலர். விதி கேட்பது யூரோ. 2022இல் கொஞ்ச காலம் யூரோ டாலருக்குக் கீழே இறங்கியிருந்தது. அந்த நாட்களில் வேண்டுமானால் இது செல்லுபடி என்று வாதாடியிருக்கலாம்! டாலரில்தான் பாலிசி கிடைக்கும் என்றால் 50,000 டாலர் திட்டமாக எடுங்கள். பரிமாற்ற விகிதம் எப்படி ஆடினாலும் கவலை இல்லை.

அடுத்தது எல்லை. "ஐரோப்பிய யூனியன் நாடுகள்" என்று போட்டிருக்கிறது. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய யூனியனில் இல்லையே! ஷெங்கனில் இருக்கிறது. ஐஸ்லாந்து, நார்வே, லீக்டன்ஸ்டைன் மூன்றும் அப்படித்தான். மறுபக்கம் அயர்லாந்தும் சைப்ரஸும் யூனியனில் உண்டு, ஷெங்கனில் இல்லை. 27இல் 2 போய் 25, அதோடு இந்த 4, மொத்தம் 29 நாடுகள். 2025 ஜனவரியில் பல்கேரியாவும் ருமேனியாவும் முழுமையாகச் சேர்ந்த பிறகு இதுதான் கணக்கு. நீங்கள் சுவிட்சர்லாந்து போகாவிட்டாலும் இந்த வரி செல்லாது. 29 நாட்டுக்கும் செல்ல வேண்டும் என்பது விதி. நீங்கள் எத்தனை நாட்டுக்குப் போகிறீர்கள் என்பது கணக்கில்லை.

செம்பருத்தி:
ஆக கவுண்டரில் இருந்த பெண்ணுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. எனக்கும் ஏஜென்ட்டுக்கும்தான் தெரியவில்லை. "உலகம் முழுவதும், அமெரிக்கா கனடா நீங்கலாக" என்று ஒரு திட்டம் காட்டுகிறார்கள். அது போதுமா?

காகிதப்புலி:
போதும். 29 நாடும் அதற்குள் அடங்கிவிடும். "ஷெங்கன்" என்ற சொல் தாளில் வெளிப்படையாக இருந்தால் இன்னும் நல்லது. சரிபார்ப்பவர் யோசிக்க வேண்டியிருக்காது.

வழிப்போக்கன்:
முக்கியமானதை விட்டுவிட்டீர்களே. திரும்பும் தேதியிலிருந்து இன்னும் 15 நாள் சேர்த்து எடுக்க வேண்டும். நான் இரண்டு தடவை போனபோதும் அப்படித்தான் எடுத்தேன்.

காகிதப்புலி:
// திரும்பும் தேதியிலிருந்து இன்னும் 15 நாள் சேர்த்து எடுக்க வேண்டும் //

இது காலங்காலமாகச் சுற்றி வரும் குழப்பம். அந்த 15 நாள் என்பது விசாவுக்கு உரியது, இன்சூரன்ஸுக்கு இல்லை. விமானம் ரத்தாகலாம், பயணம் இரண்டு நாள் தள்ளிப்போகலாம் என்று விசாவின் செல்லுபடிக் காலத்தில் 15 நாள் சலுகையாகச் சேர்த்துத் தருவார்கள். தங்க அனுமதிக்கும் நாட்கள் அதனால் கூடாது. தூதரகங்களுக்கு ஐரோப்பிய ஆணையம் கொடுத்திருக்கும் கையேட்டில், தங்கும் காலத்துக்கு இன்சூரன்ஸ் இருந்தால் போதும், சலுகைக் காலத்துக்குத் தேவையில்லை என்றே இருக்கிறது.

வழிப்போக்கன்:
கையேட்டில் என்ன வேண்டுமானாலும் இருக்கட்டும் தலைவா. எனக்குத் தந்த செக்லிஸ்ட்டில் 15 நாள் என்று அச்சடித்திருந்தது. கவுண்டரில் உட்கார்ந்திருப்பவரிடம் போய்க் கையேட்டையா விரித்துக் காட்ட முடியும்?

காகிதப்புலி:
அச்சடித்திருந்தால் எடுத்துவிடுங்கள், அதில் எனக்கு மறுப்பு இல்லை. இன்னும் 15 நாளுக்குப் பிரீமியம் கொஞ்சம்தான் கூடும். ஆனால் எல்லாரும் எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லாதீர்கள். செம்பருத்தி, உங்கள் செக்லிஸ்ட்டில் அப்படி ஏதாவது இருக்கிறதா?

செம்பருத்தி:
இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். "தங்கும் காலம் முழுவதும்" என்று மட்டும்தான் இருக்கிறது. 15 பற்றி ஒன்றும் இல்லை. கழிவு பற்றியும் இல்லை. என்னுடைய தாளில் 100 டாலர் கழிவு என்று இருக்கிறதே, அது பரவாயில்லையா?

காகிதப்புலி:
15ஆம் பிரிவில் கழிவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. செக்லிஸ்ட்டிலும் இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

கிளெய்ம்மேசை:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் வேலை பார்ப்பது இன்சூரன்ஸில், கிளெய்ம் வந்தால் பார்க்கும் பக்கம். எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள்.

நீங்கள் எல்லாரும் பேசுவது தூதரகம் படிக்கும் ஐந்து வரியைப் பற்றி. அது சரிதான், அது இல்லாமல் விசா இல்லை. ஆனால் அதே தாளை நாளைக்கு எங்கள் மேசையில் இன்னொருவர் படிப்பார். அவர் அந்த ஐந்து வரியைப் பார்க்கவே மாட்டார். பின்னால் வரும் 40 பக்கத்தைத்தான் பார்ப்பார். விசா அதிகாரிக்குப் பிடித்த தாள் மருத்துவமனை வாசலில் ஒன்றுக்கும் உதவாமல் போவதை வாரத்துக்கு ஒரு தடவையாவது பார்க்கிறேன்.

செம்பருத்தி, அம்மாவுக்கு 71 என்றீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் விண்ணப்பத்தில் எழுதினீர்களா?

செம்பருத்தி:
சர்க்கரை இருக்கிறது, 12 வருடமாக. ஏஜென்ட் அந்தக் கட்டத்தில் "இல்லை" என்று போட்டிருக்கிறார். "இருக்கிறது என்று போட்டால் பாலிசி தர மாட்டார்கள், விசாவுக்குத்தானே" என்றார்.

கிளெய்ம்மேசை:
எதிர்பார்த்தேன்.

இது எப்படி வெளியே வருகிறது என்று சொல்கிறேன். மறைத்தால் யாருக்குத் தெரியும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். ஒரு பெரியவர் அங்கே போன நாலாவது நாள் மயங்கி விழுகிறார். ஆம்புலன்ஸ் வருகிறது. அவசரப் பிரிவில் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வியே "வேறு என்ன நோய் இருக்கிறது, என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" பக்கத்தில் நிற்கும் மகன் பதறிப்போய் எல்லாவற்றையும் சொல்கிறார். சொல்லத்தான் வேண்டும், உயிர் முக்கியம். மருத்துவர் கேஸ் ஷீட்டில் "12 வருடமாக நீரிழிவு" என்று எழுதுகிறார். அந்தத் தாள் எங்கள் மேசைக்கு வருகிறது. பக்கத்திலேயே விண்ணப்பம் இருக்கிறது. அதில் "இல்லை". இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வேலைதான் எனக்கு.

உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த நோயால் வரும் சிகிச்சைக்கு மட்டும் பணம் கிடைக்காமல் போகலாம். உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் அதற்கும் ஒரு வரம்பு வரை தரும் திட்டங்கள் உண்டு. மறைத்திருந்தால் வழுக்கி விழுந்து எலும்பு முறிந்ததற்கும் சேர்த்து மறுப்பதற்கு வழி திறந்துவிடுகிறீர்கள்.

செம்பருத்தி:
வயிற்றைக் கலக்குகிறது. பழைய பாலிசியை ரத்து செய்துவிட்டுப் புதிதாக எடுக்கலாமா? அல்லது இதையே திருத்த முடியுமா?

கிளெய்ம்மேசை:
பாலிசி இன்னும் தொடங்கவில்லை, அதனால் இரண்டுமே முடியும். தேதி, பெயர் எழுத்துப் பிழை, பாஸ்போர்ட் எண் மாதிரி விஷயங்களுக்கு எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியோடு சேரும் திருத்தக் குறிப்பு, போட்டுத் தருவார்கள். ஆனால் உங்கள் விஷயத்தில் எல்லை மாற வேண்டும், தொகை மாற வேண்டும், நோய் விவரமும் மாற வேண்டும். இத்தனை ஒட்டுப் போட்ட தாளைக் கவுண்டரில் நீட்டுவதைவிடப் புதிதாக எடுப்பது மேல். பழையதை ரத்து செய்யச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள். சிறு தொகை பிடித்துக்கொண்டு மீதி தருவார்கள்.

அம்மாவுக்கு எடுக்கும்போது இன்னொன்று பாருங்கள். மூத்தவர்களுக்கான திட்டங்களில் மேலே பெரிய எழுத்தில் 50,000 டாலர் என்று இருக்கும். உள்ளே போனால் அறை வாடகை ஒரு நாளைக்கு இவ்வளவு, ஐசியு ஒரு நாளைக்கு இவ்வளவு, அறுவை சிகிச்சைக்கு மொத்தம் இவ்வளவு என்று துண்டு துண்டாக வரம்பு இருக்கும். தூதரகம் இதைப் பார்ப்பதில்லை. பில் வரும்போது நீங்கள்தான் பார்ப்பீர்கள். உள்வரம்பு இல்லாத திட்டம் கிடைத்தால், கொஞ்சம் விலை கூட இருந்தாலும், அதை எடுங்கள்.

புதுவரவு77:
எதற்கு இவ்வளவு தலைவலி? முழுத் தொகைக்கும் எடுத்து விசா ஒட்டியதும் ரத்து செய்துவிட்டால் பணம் திரும்ப வந்துவிடும். என் நண்பர்கள் எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள். அங்கே போய் யார் கேட்கப் போகிறார்கள்?

காகிதப்புலி:
கேட்கலாம் என்றுதான் விதியே இருக்கிறது. விசா இருந்தால் உள்ளே விட்டே ஆக வேண்டும் என்று இல்லை. எல்லையில் நிற்கும் அதிகாரி, விசாவுக்குக் காட்டிய ஆவணங்களை மறுபடி கேட்கலாம். விசா தந்தபோது இருந்த நிபந்தனை இப்போது இல்லை என்று தெரிந்தால் விசாவைத் திரும்பப் பெறலாம், 34ஆம் பிரிவு.

கிளெய்ம்மேசை:
அதோடு, விசா கிடைத்த பிறகு ரத்து கேட்டால் பல நிறுவனங்கள் பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும் கேட்கும், நீங்கள் பயணம் போகவில்லை என்று உறுதி செய்ய. விசா மறுக்கப்பட்டிருந்தால் கதை வேறு. மறுப்புக் கடிதத்தைக் காட்டினால் திருப்பித் தருவார்கள்.

தம்பி, ஐரோப்பாவில் ஒரு குடல்வால் ஆபரேஷனுக்கு என்ன பில் வரும் என்று பார்த்தவன் சொல்கிறேன், வேண்டாம்.

மட்டுறுத்துநர்:
புதுவரவு77, ரத்து செய்யும் வழி, போலித் தாள் தயாரிக்கும் வழி போன்றவற்றை இங்கே பகிர வேண்டாம். அடுத்த பதிவை நீக்கியிருக்கிறேன். மற்றவர்கள் தொடருங்கள்.

அரைத்தூக்கம்:
இழையைக் கொஞ்சம் திசை திருப்புகிறேன், மன்னிக்கவும். அலுவலக வேலையாக வருடத்துக்கு நாலைந்து தடவை போய் வருகிறேன். மூன்று வருடப் பல நுழைவு விசாவுக்கு (ஒரே விசாவில் பல தடவை போய்வரலாம்) விண்ணப்பிக்கப் போகிறேன். மூன்று வருடத்துக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் காட்ட வேண்டுமா?

காகிதப்புலி:
வேண்டாம். பல நுழைவு விசாவுக்கு முதல் பயணத்துக்கான இன்சூரன்ஸ் மட்டும் காட்டினால் போதும். அடுத்த பயணங்களுக்கும் எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்று விண்ணப்பப் படிவத்திலேயே ஒரு வாசகம் இருக்கும், அதற்குக் கையெழுத்துப் போட வேண்டும். பலர் அந்த இடத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

கிளெய்ம்மேசை:
நாலைந்து தடவை என்றால் ஆண்டு பாலிசி லாபம். ஆனால் அதில் ஒரு கொக்கி உண்டு. ஒரு பயணம் அதிகபட்சம் 30 நாள், 45 நாள், 60 நாள் என்று ஏதாவது ஒரு வரம்பு போட்டிருப்பார்கள். பாலிசி வருடம் முழுக்க உயிரோடு இருக்கும், ஆனால் வரம்பு 45 நாள் என்றால், 46ஆவது நாள் நீங்கள் அங்கே இருந்தால் அது உங்களுக்கு இல்லை.

அரைத்தூக்கம்:
நன்றி. அலுவலகத்தில் குழு இன்சூரன்ஸ் ஒன்றும் இருக்கிறது, வெளிநாட்டுப் பயணத்துக்கும் செல்லும் என்கிறார்கள். கடன் அட்டையிலும் இலவசமாக இருக்கிறதாம்.

கிளெய்ம்மேசை:
இரண்டிலும் ஒரே சிக்கல்தான், உங்கள் பெயர் போட்ட தாள் இருக்காது. "எங்கள் ஊழியர்கள் அனைவருக்கும்" என்று ஒரு கடிதம் வைத்தால் கவுண்டரில் ஏற்க மாட்டார்கள். நிறுவனத்திடம் சொல்லி, காப்பீட்டாளரிடமிருந்தே உங்கள் பெயர், பாஸ்போர்ட் எண், தேதி, தொகை, எல்லை ஐந்தும் உள்ள சான்றிதழ் வாங்குங்கள். கடன் அட்டை இன்சூரன்ஸ் பெரும்பாலும் டிக்கெட்டை அதே அட்டையில் வாங்கினால்தான் விழித்துக்கொள்ளும். விமான விபத்துக்கு மட்டும் கொடுத்துவிட்டு மருத்துவச் செலவே இல்லாத அட்டைகளும் உண்டு. நிபந்தனைகளைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நீலக்குடை:
எனக்கு மாணவர் விசா, 2 வருடப் படிப்பு. இதே 30,000 யூரோ பாலிசி போதுமா?

காகிதப்புலி:
உங்களுக்கு இந்த இழை பொருந்தாது. இங்கே பேசுவது 90 நாளுக்குள் தங்கும் விசாவைப் பற்றி. அதற்கு மேல் போனால் அந்தந்த நாட்டின் சொந்தச் சட்டம். பல நாடுகளில் சுற்றுலாப் பயணிக்கான பாலிசியை மாணவருக்கு ஏற்க மாட்டார்கள், சேர்ந்த பிறகு அந்த நாட்டு மருத்துவக் காப்பீட்டில் சேரச் சொல்வார்கள். பல்கலைக்கழகத்தைக் கேளுங்கள்.

மழைமகள்:
எங்கள் அண்ணன் அங்கேதான் இருக்கிறார். அம்மா அப்பாவுக்கு அங்கிருந்தே இன்சூரன்ஸ் எடுத்து அனுப்புகிறேன் என்கிறார். செல்லுமா?

காகிதப்புலி:
பொதுவாகத் தாங்கள் வசிக்கும் நாட்டிலேயே எடுக்க வேண்டும் என்கிறது விதி, முடியாதபோது வேறு நாட்டில் எடுக்கலாம். இன்னொருவர் உங்கள் பெயரில் எடுத்துத் தருவதையும் விதி அனுமதிக்கிறது, அதே நிபந்தனைகளோடு. நடைமுறையில் பலர் இப்படி எடுக்கிறார்கள். அங்குள்ள நிறுவனம் என்றால் கிளெய்ம் பணம் அங்கேயே வசூலாகும் என்பதில் தூதரகத்துக்குச் சந்தேகம் வராது. 15ஆம் பிரிவு அதையும் சரிபார்க்கச் சொல்கிறது. ஏற்கும் நிறுவனங்களின் பட்டியல் வெளியிடும் தூதரகங்களும் உண்டு, அப்படி இருந்தால் அதைப் பார்த்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

ஆமாம், உங்கள் அண்ணன் ஐரோப்பிய யூனியன் குடியுரிமை பெற்றவரா? தான் பிறந்த நாட்டில் இல்லாமல் வேறொரு யூனியன் நாட்டில் வசிக்கும் குடிமகனின் நெருங்கிய குடும்பத்தினருக்கு இந்த இன்சூரன்ஸ் தேவையே இல்லை. ஆனால் பெற்றோர் என்றால் அவரை நம்பி வாழ்பவர்கள் என்று காட்ட வேண்டியிருக்கும்.

மழைமகள்:
இல்லை, வேலை அனுமதியில்தான் இருக்கிறார்.

காகிதப்புலி:
அப்படியானால் எடுத்தே ஆக வேண்டும். "தான் பிறந்த நாட்டில்" என்று மேலே எழுதியது தவறு, "தான் குடியுரிமை பெற்ற நாட்டில்" என்று இருக்க வேண்டும். திருத்திப் படியுங்கள்.

வழிப்போக்கன்:
புலிக்கும் அடி சறுக்கும் :)

செம்பருத்தி:
புதன் இரவு. புதிய பாலிசி எடுத்துவிட்டேன், இந்தத் தடவை ஏஜென்ட் இல்லாமல் நானே உட்கார்ந்து. தாளில் இப்போது இருப்பது:

காலம்: செப்டம்பர் 8 முதல் 21 வரை, 14 நாள்
எல்லை: உலகம் முழுவதும், அமெரிக்கா கனடா நீங்கலாக, ஷெங்கன் நாடுகள் உட்பட
மருத்துவச் செலவு: 50,000 டாலர், எனக்கும் அம்மாவுக்கும் தனித்தனியாக
கழிவு: 100 டாலர்

நாங்கள் இங்கிருந்து கிளம்புவது 8ஆம் தேதி இரவு, வீட்டுக்கு வந்து சேர்வது 21. அதனால் வாசலிலிருந்து வாசல் வரை எடுத்தேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், 14தான்.

அம்மாவின் சர்க்கரையை எழுதினேன். பாலிசி தர மாட்டார்கள் என்று பயந்தேன், தந்துவிட்டார்கள். சர்க்கரையால் வரும் சிக்கலுக்கு, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும், ஒரு சிறு தொகை வரை. மற்றதெல்லாம் முழுசாக. பிரீமியம் முன்பு கட்டியதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு.

ஒரு சந்தேகம். உடலைத் திருப்பி அனுப்பும் செலவு, மருத்துவக் காரணத்துக்காகத் திருப்பி அனுப்பும் செலவு இரண்டும் இரண்டாவது பக்க அட்டவணையில்தான் இருக்கிறது. முதல் பக்கத்தில் இல்லை.

கிளெய்ம்மேசை:
நிறுவனத்தின் தளத்திலேயே "விசா கடிதம்" என்று தனியாக ஒரு பக்கத் தாள் இறக்கிக்கொள்ள வழி இருக்கும். இல்லாவிட்டால் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினால் அனுப்புவார்கள். அந்த ஒரே பக்கத்தில் எல்லாம் வந்துவிடும். அதை மேலே வைத்து, பாலிசி அட்டவணையைக் கீழே வையுங்கள். 40 பக்க நிபந்தனையை அச்சடித்துக் கொடுக்க வேண்டாம், யாரும் படிக்க மாட்டார்கள். உங்கள் போனில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதப்புலி:
பெயரை இன்னொரு தடவை பாஸ்போர்ட்டின் எழுத்தோடு எழுத்தாக ஒப்பிடுங்கள். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக உள்ள பாஸ்போர்ட்டுகளில், இன்சூரன்ஸ் தளம் காலி விட அனுமதிக்காமல் புள்ளி போடச் சொல்லும், அல்லது பெயரையே இரண்டு தடவை போடும். என் முதல் விண்ணப்பத்தில் என் பெயர் இரட்டையாக அச்சாகி வந்தது. கவுண்டரில் "இவர் யார்?" என்று கேட்டார்கள்.

கவுண்டரில் ஒருவேளை மறுபடி இழுத்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். படிவம், பாஸ்போர்ட், போட்டோ, கைரேகை, கட்டணம் இருந்தால் விண்ணப்பத்தை ஏற்க வேண்டும் என்பதுதான் 19ஆம் பிரிவு. இன்சூரன்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை. "பரவாயில்லை, இதையே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று நீங்கள் சொல்ல முடியும். ஆனால் குறையுள்ள இன்சூரன்ஸோடு அப்படிச் சொல்வது புத்திசாலித்தனம் இல்லை. மறுப்புப் படிவத்தில் "போதுமான, செல்லுபடியாகும் மருத்துவ இன்சூரன்ஸ் காட்டவில்லை" என்று அச்சடித்த ஒரு கட்டமே இருக்கிறது, அதில் டிக் போட்டு அனுப்பிவிடுவார்கள். அதனால் சனிக்கிழமை உங்களைத் திருப்பி அனுப்பிய பெண் உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார்.

செம்பருத்தி:
வெள்ளி மாலை. முடிந்தது!

அதே பெண்தான். ஒரு பக்க விசா கடிதத்தை எடுத்து, பேனாவை வைத்துத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பெயர், தேதி, ஷெங்கன் என்ற சொல், தொகை. கடைசியாகத் திருப்பி அனுப்பும் செலவு. ஐந்து இடத்தில் சின்னதாக ஒரு புள்ளி. மொத்தம் பத்து விநாடி ஆகியிருக்கும். கழிவைப் பற்றிக் கேட்கவே இல்லை. 15 நாளும் கேட்கவில்லை. "அடுத்தது" என்றார்.

வழிப்போக்கன் அண்ணா, நீங்கள் சொன்னதும் மனதில் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

வழிப்போக்கன்:
நல்லது தங்கச்சி. விசா கையில் வரட்டும், அப்புறம் பேசுவோம்.

செம்பருத்தி:
16 நாள் கழித்து வருகிறேன். பாஸ்போர்ட் இன்று வந்தது, இரண்டு பேருக்கும் விசா ஒட்டியிருக்கிறது. ஸ்டிக்கரில் செல்லுபடி செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 5 வரை. தங்கும் நாள் 12.

காகிதப்புலி:
20ஆம் தேதியோடு 15 நாள் சேர்த்தால் அக்டோபர் 5. உங்கள் இன்சூரன்ஸ் 21ஆம் தேதியே முடிகிறது. பார்த்தீர்களா வழிப்போக்கன்?

வழிப்போக்கன்:
பார்த்தேன், பார்த்தேன். ஆனால் என் செக்லிஸ்ட்டில் அச்சடித்திருந்தது என்பதும் உண்மை. வீட்டுக்குப் போய்த் தேடிப் படம் பிடித்துப் போடுகிறேன்.

கிளெய்ம்மேசை:
வாழ்த்துகள். அக்டோபர் 5 வரை விசா இருக்கிறதே என்று விமானத்தை மட்டும் தள்ளிப் போட்டுவிடாதீர்கள், தங்க அனுமதி 12 நாள்தான். வேறு வழியே இல்லாமல் தள்ளிப்போனால் பாலிசி முடியும் முன்பே நீட்டிக்கச் சொல்லி எழுத வேண்டும். முடிந்த மறுநாள் கேட்டால் அங்கிருந்தபடி புதிதாகத் தரப் பல நிறுவனங்கள் ஒத்துக்கொள்ளாது.

கிளம்பும் முன் இன்னொரு வேலை. பாலிசியில் உதவி எண் என்று ஒன்று இருக்கும். கட்டணமில்லா எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு போகாதீர்கள், வெளிநாட்டிலிருந்து அது அடிக்காமல் போகலாம். நாட்டுக் குறியீட்டோடு உள்ள எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் முதலில் 112, அங்கே எல்லா நாட்டிலும் அதுதான். மருத்துவமனையில் சேர்த்ததும் அடுத்த அழைப்பு உதவி எண்ணுக்கு. அவர்களிடம் சொல்லிவிட்டால் மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்ட ஏற்பாடு நடக்கும். சொல்லாமல் நீங்களே கட்டினால் ரசீது ஒவ்வொன்றையும் பத்திரமாக எடுத்து வர வேண்டும், மருந்துச் சீட்டு உட்பட.

செம்பருத்தி:
எழுதிவிட்டேன். அம்மாவின் மாத்திரைப் பெயர்களை எல்லாம் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, பின்பக்கம் அந்த எண்ணையும் பாலிசி எண்ணையும் எழுதி, அவருடைய கைப்பையில் போட்டிருக்கிறேன். "எனக்கு ஒன்றும் ஆகாது, எதற்கு இதெல்லாம்" என்று எடுத்து மேசையில் வைக்கிறார். நான் மறுபடி எடுத்துப் பையில் போடுகிறேன். இன்று காலையிலிருந்து இது மூன்றாவது தடவை.